நூல்நிலையப் பேராசான் ரங்கநாதனார்

கல்வி கற்பதற்கு ஒரு பருவமும், தொழில் செய்வதற்கு மற்றொரு பருவமும் தனித்தனியே வகுத்துக் கொள்வது உலக வழக்கு. இளமையில் கலாசாலை, அதன் பின்னர் உத்தியோகம். இவ்விரண்டிற்கும் இடையே ஒரு சுவர் எழுந்து நிற்பதாகவே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். ஆயினும் எல்லார்க்கும் வாழ்வு இவ்வாறு ஒழுங்குற அமைந்து விடுவதில்லை. குடும்பப் பாரத்தைத் தோளில் ஏற்ற பின்னரே மேற்படிப்பில் வேட்கை கொள்வாரும், உத்தியோகத்தில் அமர்ந்த பின்னரே அதற்குரிய கல்வி தம்மிடம் இல்லையென்று உணர்வாரும் பலர் உளர். நூல்நிலையத் தொழிலில் இத்தகையோர் தொகை மிகுதி. பகலெல்லாம் நூல்களை எடுத்துக் கொடுத்தும், அடுக்கி வைத்தும், கணக்கு எழுதியும் களைத்த பின்னர், இரவில் விளக்கின் முன் அமர்ந்து நூல்நிலைய சாஸ்திரப் பரீட்சைக்குப் படிக்கும் இளைஞரை இன்றும் எங்கும் காணலாம். முழுநேரப் பணியையும் படிப்பையும் ஒருவன் ஒருங்கே தாங்க இயலுமா என்பதே அவர்கள் நெஞ்சில் எழும் வினா. அவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக அமைத்துச் சென்றவர், இந்திய நாட்டு நூல்நிலைய இயக்கத்தின் தந்தை எனப் போற்றப்பெறும் சீர்காழி ராமாமிர்த ரங்கநாதனார். அவரும் ஒரு மிஷன் கலாசாலையில் பயின்ற மாணாக்கரே என்பது நமக்கு உவகை தருவதாகும்.

இளமையும் கல்வியும்

ரங்கநாதனார் 1892-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த சீர்காழியில் பிறந்தார். தந்தையார் ராமாமிர்த ஐயர். தாயார் சீதாலட்சுமி அம்மாள். தந்தையார் சிறிது நிலபுலம் உடையவர். இராமாயணக் கதையை ஊரார்க்கு எடுத்துரைப்பதில் வல்லவர். மகனுக்கு ஆறு வயது நிரம்புங்காலத்தில், 1898-ஆம் ஆண்டில், அவர் இளவயதிலேயே இவ்வுலக வாழ்வை நீத்தார். தந்தையை இழந்த சிறுவன் சீர்காழி ஹிந்து உயர்தரப் பாடசாலையில் பயின்று, பின்னர் சென்னை சேர்ந்து, சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் மாணாக்கனாக அமர்ந்தார்.

அக்காலத்தில் அக்கலாசாலை இப்போது உள்ள தாம்பரத்தில் இல்லை. ஜார்ஜ் டவுனில், உயர்நீதிமன்றத்திற்கு எதிரே இருந்தது. 1937-ஆம் ஆண்டிலேதான் அது தாம்பரம் சென்றது. ரங்கநாதனார் அங்கே கணித சாஸ்திரத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்துக்கொண்டு 1913-இல் பி. ஏ. பட்டமும், 1916-இல் எம். ஏ. பட்டமும் பெற்றார். அவருக்குக் கணிதம் கற்பித்தவர் எட்வர்டு ராஸ் என்னும் பேராசிரியர். ஆசிரியர், மாணாக்கர் என்னும் தொடர்பு பட்டமளிப்போடு முடிவதன்று என்பதற்கு இவ்விருவரும் சான்றாவர். மாணாக்கர் தம் துறையை விட்டு வேறு துறை சென்ற பின்னரும் அவ்வாசிரியரின் அன்பும் அறிவுரையும் அவரைத் தொடர்ந்து சென்றன. அதன் பயனைப் பின்னே காண்போம்.

ஆசிரியப் பயிற்சியை முடித்து 1917-இல் எல். டி. பட்டமும் பெற்ற ரங்கநாதனார், மங்களூர் அரசாங்கக் கலாசாலையில் கணித ஆசிரியரானார். பின்னர்க் கோயமுத்தூரிலும், அதன்பின் சென்னை ராஜதானிக் கலாசாலையிலும் பணியாற்றினார். பேசுங்கால் நாத் திக்கும் குறை ஒன்று அவருக்கு இருந்தது. ஆசிரியத் தொழிலுக்கு இதனினும் பெரிய இடையூறு வேறில்லை எனலாம். ஆயினும் அவர் அத்தொழிலை விட்டு விலக நினைத்தாரில்லை. சிறிது சிறிதாக அக்குறையை வென்றார். வகுப்பு நடத்துவதோடு கணித சாஸ்திர வரலாற்றில் ஆராய்ச்சிக் கட்டுரைகளும் எழுதினார். பணி ஒருபுறமும் ஆராய்ச்சி ஒருபுறமுமாக வாழும் பழக்கம் அப்பொழுதே வேரூன்றி விட்டது. ஆயுள் முழுவதும் கணித ஆசிரியராகவே இருத்தல் வேண்டும் என்பதே அவர் கருத்து.

கல்லாத தொழிலில் அமர்தல்

மனிதன் நினைப்பது ஒன்று, நடப்பது வேறொன்று. சென்னைச் சர்வகலாசாலை தன் புத்தகசாலைக்கு முழுநேரத் தலைவர் ஒருவரை முதன்முதலாக நியமிக்க 1923-ஆம் ஆண்டில் கருதியது. ஏறக்குறைய 900 பேர் விண்ணப்பம் செய்தனர். அவர்களுள் ஒருவரேனும் நூல்நிலையத் தொழிலில் முறையான பயிற்சி பெற்றவரல்லர். ஏனெனில் அப்பயிற்சியை அளிக்கும் இடம் சென்னை மாகாணத்தில் அந்நாளில் இல்லை. கலாசாலை ஆசிரியர்க்கு அக்காலத்தில் கிடைத்த ஊதியம் குடும்பம் நடத்தப் போதாதது. ஆதலின் நண்பர்கள் தூண்ட, ரங்கநாதனாரும் விண்ணப்பித்தார். கலைக்களஞ்சியம் ஒன்றில் நூல்நிலையங்களைக் குறித்து வந்த கட்டுரையை, நியமனக் குழுவினரைக் காண்பதற்குச் சில நாள் முன்னர்ப் படித்ததே அத்துறையில் அவர் பெற்றிருந்த கல்வி. ஆராய்ச்சி செய்து பழகியவர் என்னும் தகுதி நோக்கி அவரையே தெரிந்தெடுத்தனர்.

1924-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அவர் புதிய பதவியை ஏற்றார். அப்போது அவருக்கு வயது 31. பதவி உயர்ந்தது, ஊதியம் உயர்ந்தது, மனம் மட்டும் தாழ்ந்தது. வகுப்பறையில் மாணாக்கர் முகங்களைக் கண்டு களித்தவர்க்கு, வாசகர் அரிதாக வந்து செல்லும் புத்தகசாலையின் தனிமை பொறுத்தற்கரியதாயிற்று. செய்வதற்கு வேலை யாது என்பதும் அவருக்கு விளங்கவில்லை. அலமாரிகளுக்கு இடையே பொழுது போக்குவதற்கோ கணித சாஸ்திரத்தைத் துறந்தோம் என்று வருந்தினார். சில நாட்களுக்குள் ராஜதானிக் கலாசாலைத் தலைவரிடம் சென்று, தம்மைப் பழைய ஆசிரியப் பணிக்கே மீட்டுக்கொள்ள வேண்டுமென வேண்டினார்.

அவ்வேண்டுகோள் அப்படியே நிறைவேறி இருப்பின், இந்திய நாட்டு நூல்நிலைய வரலாறு வேறு விதமாய் அமைந்திருக்கும். நல்வினைப் பயனாக ஓர் ஏற்பாடு செய்யப்பெற்றது. நூல்நிலைய சாஸ்திரம் கற்பதற்காக அவர் இங்கிலாந்து செல்ல வேண்டும். கற்றுத் திரும்பிய பின்னரும் அத்தொழிலில் மனம் பொருந்தவில்லையாயின், கணித ஆசிரியர் பணிக்கே மீளலாம். இவ்வுடன்பாட்டைப் பற்றுக்கோடாகக் கொண்டு, அவர் அவ்வாண்டிலேயே கப்பலேறினார். விருப்பத்தினால் அன்று, வெறுப்பைத் தீர்த்துக்கொள்ளவே அவர் அக்கல்வியைத் தேடிச் சென்றார் என்பதை நாம் மறத்தலாகாது. பணியில் இருந்து கொண்டே படிக்கப் புகுவார் பலர்க்கும் தொடக்கத்தில் உள்ள நிலைமை இதுவே.

லண்டன் மாநகரில்

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 1919-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற நூல்நிலையப் பயிற்சிக் கலாசாலையே அந்நாட்டில் இத்துறைக்கு ஏற்பட்ட முதற் கலாசாலை. அங்கே ரங்கநாதனார் மாணாக்கராய் அமர்ந்தார். ஏழாண்டு பிறர்க்குக் கற்பித்தவர், மீண்டும் பலகையில் அமர்ந்து குறிப்பு எழுதலாயினார். பரீட்சைகளில் அவர் பெற்ற மதிப்பெண்கள் வியக்கத்தக்கன அல்ல; நடுத்தரத்திற்குச் சற்று மேற்பட்டனவே. பிற்காலத்தில் உலகமெங்கும் அத்துறைக்கு ஆசானாய் விளங்கியவர், வகுப்பில் முதல் மாணாக்கராய் விளங்கவில்லை என்பது, மதிப்பெண் பட்டியலைக் கண்டு மனம் உடையும் இளைஞர் நினைவிற் கொள்ளத்தக்கது.

நூற்பகுப்பு முறையை அங்கே கற்பித்த ஆசிரியர் பெர்விக் சேயர்ஸ் என்பவர். அவர் ஆசிரியர் மட்டும் அல்லர். குராய்டன் என்னும் நகரின் பொது நூல்நிலையத் தலைவரும் ஆவார். பகலில் நூல்நிலையம் நடத்துவாரே வகுப்பிலும் கற்பித்தமையால், அவர் கூறிய ஒவ்வொன்றும் அனுபவத்தில் தோய்ந்து வந்தது. இம்மாணாக்கரின் இயல்பை அறிந்த சேயர்ஸ், வகுப்பறைப் பாடத்தினும் நூல்நிலையத்தை நேரிற் கண்டு பழகுதலே அவருக்குப் பெரும் பயன் தரும் என்று கண்டு, அவரைக் குராய்டன் நூல்நிலையத்திற் பழகச் செய்தார். அங்கே ரங்கநாதனாரின் கண் திறந்தது. தொழிலாளரும், இல்லத்தரசிகளும், சிறு குழந்தைகளும், முதியோரும் வேறுபாடின்றி வந்து தத்தமக்கு வேண்டிய நூலைப் பெற்றுச் செல்லக் கண்டார். நூல்நிலையம் என்பது கற்றோர் சிலர்க்கு உரிய பண்டகசாலை அன்று, ஓர் ஊரின் உயிர்நாடிகளுள் ஒன்று என்பதை உணர்ந்தார். சென்னையில் தாம் அடைந்த தனிமைக்குக் காரணம் நூல்நிலையத் தொழில் அன்று. அத்தொழில் அங்கே இன்னும் தொடங்கப்பெறாமையே என்பதும் அவருக்கு விளங்கிற்று. பின்னர் அந்நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்று, நூற்றுக்கு மேற்பட்ட நூல்நிலையங்களைப் பார்வையிட்டார்.

கணித அறிவும் வீண் போகவில்லை. அமெரிக்க நாட்டு மெல்வில் டூயி என்பவர் 1876-இல் வெளியிட்ட தசாம்சப் பகுப்பு முறையே அந்நாளில் பெரிதும் வழங்கிற்று. அம்முறையில் அறிவுத் துறைகள் யாவும் முன்னரே எண்ணி அறைகளாக அமைக்கப்பட்டிருந்தன. புதிய பொருள் ஒன்று தோன்றினால் அதற்கு இடமில்லை. கீழ்நாட்டுப் பொருள்களுக்கோ மிகக் குறுகிய இடமே. இக்குறையை நீக்கும் வழி யாதென்று எண்ணிக் கொண்டிருந்த காலத்தில், லண்டன் கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியை அவர் கண்ணுற்றார். துளையிட்ட இரும்புத் துண்டுகள், சக்கரங்கள், திருகாணிகள் ஆகிய சிலவற்றைக் கொண்டே, ஒருமுறை வண்டியும் மறுமுறை பாலமும் பிறிதொருமுறை ஏற்றப் பொறியும் செய்து காட்டினர். அறிவுத் துறைகளையும் இவ்வாறே சில மூலக் கூறுகளாகப் பிரித்து, வேண்டுமிடத்து வேண்டியவாறு பொருத்தினால் எப்பொருளுக்கும் இடங் காணலாமே என்னும் எண்ணம் மின்னலென எழுந்தது. ஊர் திரும்பும் கப்பலிலேயே, அங்கிருந்த சிறு புத்தகசாலையைக் கொண்டு தம் கருத்தைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார்.

பணியே பாடமாதல்

1925-ஆம் ஆண்டு நடுவில் அவர் சென்னை திரும்பினார். ஏறத்தாழ ஒன்பது திங்களே அயல்நாட்டில் பயின்றார். கணித ஆசிரியர் பணிக்கு மீளும் உரிமையைப் பற்றி அதன்பின் அவர் நினைக்கவே இல்லை. இங்கே ஒன்றைக் கருதுதல் வேண்டும். அவருடைய நூல்நிலையக் கல்வி லண்டனில் முடிந்து விடவில்லை; அங்கே தொடங்கிற்று. அதனை வளர்த்தது அடுத்த இருபது ஆண்டுகள் அவர் ஆற்றிய அன்றாடப் பணியே.

நாள்தோறும் ஏறக்குறைய 13 மணி நேரம், வாரத்தில் ஏழு நாளும், விடுமுறை என்பதே எடுக்காமல் அவர் உழைத்தார் என்பர். இவ்வளவு நேரமும் அவர் வெறும் அலுவல் பார்க்கவில்லை. ஒவ்வொரு நூலையும் பகுத்து எண்ணிடும்பொழுது தம் பகுப்பு முறையைச் சோதித்தார். ஒவ்வொரு வாசகரும் கேட்ட கேள்வியைக் கொண்டு, நூற்பட்டி அக்கேள்விக்கு விடை தருகின்றதா என்று ஆராய்ந்தார். வாசகர் அலமாரிகளிடையே தாமே சென்று நூல்களை எடுத்துப் பார்க்கும் உரிமையை அளித்து, அதனால் விளையும் பயனைக் கண்டறிந்தார். பணி வினாவை எழுப்பியது. படிப்பு விடை தேடியது. கிடைத்த விடை மறுநாளே பணியில் சோதனைக்கு வந்தது. பணியையும் படிப்பையும் தராசின் இரு தட்டுகளாகக் கருதி, ஒன்று உயர மற்றொன்று தாழும் என்று நாம் அஞ்சுகின்றோம். அவரோ அவற்றை ஒரே வண்டியில் பூட்டிய இரு காளைகளாக நடத்தினார்.

இதன் விளைவாகவே நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வெளிவந்தன. 1931-இல் நூல்நிலைய சாஸ்திரத்தின் ஐந்து விதிகளைப் பற்றிய நூல். 1933-இல் கோலன் பகுப்பு முறை. 1934-இல் நூற்பட்டி அமைப்பதற்குரிய விதித் தொகுப்பு. 1937-இல் நூற்பகுப்புத் தத்துவத்திற்குத் தோற்றுவாய். இவையாவும் முழுநேர உத்தியோகம் பார்த்துக் கொண்டிருந்த ஒருவர் எழுதியவை.

கோலன் பகுப்பு முறை மெக்கானோவைக் கண்டு பிறந்த கருத்தின் கனி. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். நுரையீரலில் உண்டாகும் க்ஷய ரோகத்திற்கு இந்திய நாட்டில் அளிக்கப்பெறும் சிகிச்சையைப் பற்றி ஒரு நூல் உளதென்று கொள்வோம். மருத்துவம் என்னும் துறை, நுரையீரல் என்னும் உறுப்பு, க்ஷயம் என்னும் நோய், சிகிச்சை என்னும் செயல், இந்தியா என்னும் இடம் என அப்பொருளைக் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் உரிய குறியை எடுத்து, முக்காற்புள்ளி போன்ற அடையாளங்களால் இணைத்து விடுவர். அவ்விணைப்பே அந்நூலின் எண். நோய் வேறாயின் அக்கூறு ஒன்றை மட்டும் மாற்றினாற் போதும். முக்காற்புள்ளியை ஆங்கிலத்தில் கோலன் என்பராதலின், முறையும் அப்பெயர் பெற்றது.

ஐந்து விதிகள்

1928-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் இன்பமும் துன்பமும் கலந்து வந்த ஆண்டு. அவ்வாண்டு ஜனவரியில் சென்னை நூல்நிலையச் சங்கம் தோன்றிற்று; அவரே அதன் செயலாளர் ஆனார். நூல்நிலையங்களில் நிகழும் எண்ணற்ற செயல்களையெல்லாம் சில அடிப்படை விதிகளில் அடக்க முடியாதா என்பது கணிதம் பயின்ற அவர் உள்ளத்தை நெடுநாள் வருத்திய வினா. அவ்வினாவோடு அவர் மல்லாடிக் கொண்டிருந்த மாலைப்பொழுது ஒன்றில், பழைய ஆசிரியர் ராஸ் அவரைக் காண வந்தார். மாணாக்கரின் மனக்குழப்பத்தைக் கேட்டறிந்த அவர், நூல்கள் பயன்படுத்துவதற்கே உரியவை என்பதன்றோ நீ சொல்ல வருவது என்னும் பொருள்பட ஒரு சிறு தொடரைச் சொல்லிச் சென்றாராம். அதுவே முதல் விதியாயிற்று. மற்ற நான்கும் அதிலிருந்து தொடர்ந்து பிறந்தன. அவ்வாண்டு டிசம்பர் மாதம் சிதம்பரத்தில் கூடிய கல்வி மகாநாட்டில் அவர் அவ்விதிகளை முதன்முதல் எடுத்துரைத்தார்.

கேட்பதற்கு இவை மிக எளியன. நூல்கள் பூட்டி வைப்பதற்கு அல்ல, பயன்படுத்துவதற்கே; வாசகர் ஒவ்வொருவர்க்கும் அவர்க்குரிய நூல் கிட்டுதல் வேண்டும்; நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய வாசகரை அடைதல் வேண்டும்; வாசகரின் காலம் வீணாகலாகாது; நூல்நிலையம் உயிருள்ள பொருள்போல் வளருந் தன்மையது. இவ்வளவே. ஆயினும் முதல் விதியை ஒப்புக்கொண்டால் நூல்நிலையம் ஊரின் நடுவே இருத்தல் வேண்டும். மக்கள் வேலை முடிந்து வரும் நேரத்தில் திறந்திருத்தல் வேண்டும். அலமாரி எட்டும் உயரத்தில் இருத்தல் வேண்டும். இரண்டாம் விதியை ஒப்புக்கொண்டால் பெண்டிர்க்கும், கிராமத்தார்க்கும், கண் இழந்தார்க்கும், சிறையில் உள்ளார்க்கும் நூல் அளிக்கும் கடமை நம்மேல் விழுகின்றது. 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டி ஒன்றில் நூல்களை ஏற்றிக் கிராமந்தோறும் கொண்டு சென்ற முயற்சியும் இக்கருத்துக்களின் வழி எழுந்ததே.

இதே 1928-ஆம் ஆண்டில் அவருடைய முதல் மனைவியார் ருக்மிணி அம்மாள் விபத்தொன்றில் காலமானார். பின்னர் அவர் சாரதா அம்மாளை மணந்தார். திருமணம் நிகழ்ந்த அன்று பிற்பகலே அவர் புத்தகசாலைக்குத் திரும்பிவிட்டார் என்று கூறுவர். இதனைப் பெருமையாகச் சொல்லுவார் உண்டு. நாமோ இதனைச் சற்று நின்று நோக்குதல் நலம். நாளுக்கு 13 மணி நேரம் ஒருவர் வெளியே உழைக்க வேண்டுமாயின், அவர் இல்லத்தில் மற்றொருவர் அதற்கு ஈடாக உழைத்திருத்தல் வேண்டும். குடும்பத்தின் சுமை முழுவதையும் சாரதா அம்மாள் தாங்கியதனாலன்றோ கணவர் கவலையின்றிக் கற்கவும் எழுதவும் இயன்றது? பணியோடு படிப்பார்க்குக் கிடைக்கும் பட்டத்தில் ஒரு பாதி, பெயர் பொறிக்கப்பெறாத வேறொருவர்க்கு உரியது. இவ்வுண்மையை ரங்கநாதனாரே உணர்ந்திருந்தார் என்பதற்குச் சான்று அவருடைய பிற்கால வாழ்வில் உண்டு.

பணியில் உள்ளார்க்குப் பள்ளி

தாம் கற்ற கல்வியைப் பிறர்க்கு அளித்தலே அவர் செய்த செயல்களுள் தலையாயது. தாம் கடல் கடந்து சென்று கற்றதை, நம் நாட்டார் இங்கேயே கற்க வழி செய்தல் வேண்டும் என்று கருதினார். 1929-ஆம் ஆண்டில் சென்னை நூல்நிலையச் சங்கத்தின் ஆதரவில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. அது கோடை விடுமுறைப் பள்ளியாக அமைந்ததைக் கவனித்தல் வேண்டும். பாடசாலைகளிலும் கலாசாலைகளிலும் பணிபுரிவோர் தம் உத்தியோகத்தை விடாமலே கற்பதற்கு ஏற்ற காலம் அதுவே. தமக்கென விடுமுறை எடுத்தறியாதவர், பிறர் விடுமுறையைக் கல்விக்காலமாக்கித் தந்தார். 1931-இல் சர்வகலாசாலை அப்பள்ளியைத் தானே ஏற்று நடத்தலாயிற்று.

ஆயினும் இத்துடன் அவர் நிறைவு கொண்டாரில்லை. சில வாரப் பயிற்சியோ சில மாதப் பயிற்சியோ கைத்திறனைத் தரும். துறையின் அடிப்படையை ஆராயும் ஆழ்ந்த அறிவைத் தருதல் அரிது. ஆகவே 1937-இல் அப்பயிற்சி, பட்டதாரிகளுக்கு உரிய ஓராண்டு முழுநேர டிப்ளொமா வகுப்பாக மாற்றியமைக்கப்பட்டது. பணியில் உள்ளார்க்கு வாயிலைத் திறந்தவரே, படிப்புக்கு மட்டும் உரிய காலமும் வேண்டும் என்று வற்புறுத்தியது முரண்பாடு போலத் தோன்றலாம். உற்று நோக்கின் முரண் இல்லை. பணியின் இடைவேளையில் எதனைக் கற்கலாம், எதனைக் கற்க அவ்விடைவேளை போதாது என்பதை, இரண்டு வழியிலும் நடந்து பார்த்த அவர் அறிந்திருந்தார். லண்டனில் கிடைத்த அந்த ஒன்பது திங்கள் இல்லையாயின், சென்னையில் உழைத்த இருபது ஆண்டுகள் வெறும் உழைப்பாகவே போயிருக்கும். இருபது ஆண்டு உழைப்பு இல்லையாயின், அவ்வொன்பது திங்கட் கல்வி ஒரு சான்றிதழோடு நின்றிருக்கும்.

பிற்காலம்

இருபது ஆண்டிற்கு மேல் சென்னையில் பணியாற்றிய பின்னர், மேலதிகாரத்தோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டினால் மனம் நொந்து, அவர் அப்பதவியை விட்டு நீங்கினார். ஓய்வு பெறும் வரை அங்கேயே இருப்போம் என்று எண்ணியிருந்தவர்க்கு அப்பிரிவு பெருந்துயர் விளைத்தது. உழைப்பு ஒன்றிலேயே உயிரை வைத்தவர்க்கு, உழைக்கும் இடம் பறிபோகும்போது நேரும் வெறுமை அஞ்சத்தக்கது. எனினும் 1945-ஆம் ஆண்டில் காசி இந்து சர்வகலாசாலை அவரை அழைத்தது. ஐம்பது வயது கடந்த அப்பெரியார் அங்கே சென்று, ஏறக்குறைய 1,00,000 நூல்களைத் தம் கையாலேயே பகுத்து எண்ணிட்டார், வகுப்பும் நடத்தினார்.

1947-இல் டில்லி சர்வகலாசாலைக்குச் சென்றார். அங்கே நூல்நிலைய சாஸ்திரத்தில் உயர்தரப் பட்ட வகுப்புகளும் ஆராய்ச்சிப் பட்டமும் ஏற்பட வழி கோலினார். ஒரு காலத்தில் பயிற்சி பெற்றவர் ஒருவரேனும் அகப்படாத துறை, பிற துறைகளோடு ஒத்த நிலையில் சர்வகலாசாலைப் படிப்பாக ஓங்கிற்று. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூல்நிலையச் சட்டம் நிறைவேறிற்று. நாடு சுதந்திரம் பெற்றபின் இயற்றப்பெற்ற முதல் நூல்நிலையச் சட்டம் அதுவே. அதற்கு மூலமாய் நின்றது அவர் பல்லாண்டு செய்த முயற்சி. இன்று நம் ஊர்களில் உள்ள கிளை நூல்நிலையங்கள் அச்சட்டத்தின் நிழலில் வளர்ந்தவையே.

1955 முதல் சில ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டு சூரிச் நகரில் தங்கி ஆராய்ச்சி செய்தார். பின்னர்ப் பெங்களூரில் குடியேறி, 1962-இல் ஆவண ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் உரிய மையத்தை இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஓர் அங்கமாகத் தொடங்கினார். அரசாங்கம் 1957-இல் பத்மஸ்ரீ விருதும், 1965-இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவியும் அளித்துச் சிறப்பித்தது. 1972-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 27-ஆம் நாள், எண்பது வயது நிறைந்தவராய்ப் பெங்களூரில் உயிர் நீத்தார். அவர் பிறந்த ஆகஸ்டு மாதத்தில் 12-ஆம் நாளை நம் நாட்டார் நூலகர் தினமாகக் கொண்டாடி வருகின்றனர்.

மேலே குறித்த சான்று ஒன்று எஞ்சி நிற்கின்றது. வாழ்நாளெல்லாம் சேமித்த பொருளில் ஒரு லட்சம் ரூபாயை அவர் சென்னைச் சர்வகலாசாலைக்கு வழங்கினார். நூல்நிலைய சாஸ்திரத்திற்கு ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்துவதற்காக அளித்த பொருள் அது. எவ்விடத்தை மனம் நொந்து நீங்கினாரோ அவ்விடத்திற்கே அதனை அளித்தார். அப்பதவிக்குத் தம் பெயரை அவர் இடவில்லை. தம் மனைவியார் சாரதா அம்மாள் பெயரையே இட்டார். பின்னர்ப் பெங்களூரில் நிறுவிய அறக்கட்டளைக்கும் அப்பெயரே அமைந்தது. நூல் எழுதியவர் பெயர் முகப்பில் இருக்கும். அவரை எழுதச் செய்த இல்லத்தின் பெயர் எங்கும் இராது. அக்கடனை அவர் தம்மால் இயன்ற வழியில் தீர்த்தார்.

முடிவுரை

பகலில் உத்தியோகமும் இரவில் படிப்புமாக இருக்கும் நண்பர்கள் ரங்கநாதனார் வாழ்வினின்று கொள்ளத்தக்கது யாது? நாளுக்கு 13 மணி நேரம் உழைத்தலை அன்று. அஃது எல்லார்க்கும் இயலாது. இயன்றாலும் எல்லார் இல்லமும் அதனைத் தாங்காது. பணியில் எழும் ஐயத்தைப் படிப்பிற்குக் கொண்டு சென்று, படிப்பில் கிடைத்த தெளிவைப் பணிக்குக் கொண்டு வருதலே கொள்ளத்தக்கது. அவ்வாறு செய்வார்க்கு அலுவலில் செலவாகும் நேரம் கல்விக்கு இழப்பாவதில்லை. வாசகர் ஒருவர் கேட்ட நூல் ஏன் அகப்படவில்லை என்று நின்று எண்ணும் பொழுதே, பரீட்சைக்குரிய பாடம் ஒன்று படிக்கப்படுகின்றது. படிப்பிற்கென்று சில மாதங்களேனும் தனியே கிடைக்குமாயின் அதனை நழுவ விடாதிருத்தலும், நம் பொருட்டு வீட்டில் விழித்திருப்பார்க்கு நன்றி மறவாதிருத்தலும் அவர் காட்டிய வழியே. கற்றுத் தேறிய பின்னர், நமக்குப் பின்னே வருவார்க்கு அக்கல்வியை எளிதாக்கித் தருதல் அவர் நமக்கு வைத்துச் சென்ற கடமை. கல்லாத தொழிலில் மனமின்றி அமர்ந்த ஒருவர், அத்தொழிலையே உலகிற்குக் கற்பிக்கும் ஆசானாக உயர்ந்தது இவ்வழியினாலேயே ஆகும்.